நாலாவது நகர்த்தலில் குதிரை

பாகூரில் எங்கள் வீட்டுக்குச் சதுரங்கத்தைக் கொண்டுவந்தவர் என் நாத்தனாரின் கணவர். வில்லியனூர் கொம்யூன் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. பிரெஞ்சு துரைகளோடு அவர்கள் முறைப்படி ஆடிப் பழகியவர். மாதம் ஒருமுறை நாத்தனாரை அழைத்துக்கொண்டு வருவார். சாப்பிட்ட கையோடு பலகையை வைத்து என் கணவரைத் தோற்கடித்துவிட்டு வண்டி ஏறுவார். வெற்றிலைத் தட்டு வைக்கும் சாக்கில் நின்று பார்த்தே நான் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டேன். கல்யாணமான இரண்டாம் வருஷமே என் கணவரை வென்றேன். அவருக்கு அதில் வருத்தமில்லை. மத்தியானம் கரும்புக் கொல்லையிலிருந்து வந்ததும், "பலகைய எடு மே" என்பார்.

எனக்கென்று ஓர் ஆட்டத் தொடக்கம் தவறுதலாகத்தான் கிடைத்தது. ஒருநாள் இருவருமே இரண்டு குதிரைகளையும் வெளியே கொண்டுவந்திருந்தோம். நாலாவது நகர்த்தலில், காவல் இருப்பதைக் கவனிக்காமல், நடுவில் நின்ற அவருடைய சிப்பாயை என் குதிரையால் வெட்டிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே தன் குதிரையால் அதை எடுத்தார். ஒரு சிப்பாய்க்கு ஒரு குதிரை போயிற்று. ஆத்திரத்தில் ராணியின் முன்னிருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினேன். அவருடைய குதிரை ஒதுங்கியது. பக்கத்துச் சிப்பாயையும் தள்ளினேன். இன்னொரு குதிரை புறப்பட்ட இடத்துக்கே திரும்பிப் போனது. பலகையின் நடுப்பகுதி முழுக்க என் வசம். அன்று ஜெயித்தேன்.

"ஏதோ குருட்டு வாக்குல நடந்துச்சு" என்றார்.

"அப்ப மறுபடியும் ஆடிப் பாக்கலாம்" என்றேன்.

அந்தக் கரும்பு வெட்டு முடியும்வரை வேறு தொடக்கமே ஆடவில்லை. ஒவ்வொரு ஆட்டத்தையும் பழைய நோட்டில் பென்சிலால் எழுதிவைத்தேன். அதை உடைப்பதையே அவர் வேலையாக வைத்துக்கொண்டார். கால் கழுவும்போதே, "தண்ணி பாய்ச்சிக்கினு இருக்கச் சொல்ல ஒன்னு தோணுச்சு, வா" என்று கூப்பிடுவார். நிறையத் தோற்றேன். ஒவ்வொரு தோல்வியும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னது: எதிராளிக்கு மூச்சுவிட ஒரு நகர்த்தல் கொடுத்தாலும் போயிற்று, ஏனென்றால் அவன் பக்கம் ஓர் ஆள் கூடுதல். ஓயாமல் விரட்ட வேண்டும். அது என் சுபாவத்துக்குப் பொருந்தியது.

அடுத்த முறை அண்ணன் வந்தபோது, "இன்னிக்கி இவ ஆடட்டும்" என்று என் கணவர் எழுந்துகொண்டார். நாத்தனாரின் கணவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். நாலாவது நகர்த்தலில் சிப்பாயை வெட்டினேன்.

"இன்னாம்மா தங்கச்சி, கண்ணு தெரியிலியா? காவல் இருக்குது பாரு."

"தெரியுதுண்ணே. எடுங்க."

எடுத்தார். அவருடைய குதிரைகள் பின்வாங்கிப் பின்வாங்கித் தம் ஆட்களுக்கே வழியை அடைத்தன. ராஜா வெளியேற இடமில்லாமல் மாட்டிக்கொண்டது. நாத்தனார் கைகொட்டிச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. "இன்னொன்னு போடு" என்றார்.

இரண்டாவது ஆட்டத்தில், நான் சிப்பாயைத் தள்ளியதும் அவர் குதிரையை ஒதுக்கவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு வேறு காயை வெளியே கொண்டுவந்தார். குதிரையை எடுத்தேன், பதிலுக்கு என் சிப்பாயை எடுத்தார். கணக்கு சரியாகிவிட்டது. நெடுநேரம் ஆடிக் கடைசியில் ஒரு சிப்பாய் வித்தியாசத்தில் தோற்றேன்.

அவர்கள் போனபின் என் கணவர், "வழி கண்டுபிடிச்சுட்டாரு. இனிமே இத வுட்டுடு" என்றார்.

"எதுக்கு வுடணும்? எடுத்தத திருப்பிக் குடுக்க வச்சோம் இல்ல?" என்றேன். மறுநாளே அந்தப் பதிலை நோட்டில் எழுதி, அதற்கு மேல் என்ன செய்யலாம் என்று இருவரும் உட்கார்ந்துவிட்டோம்.

மறு மாதம் அண்ணன் வந்தவுடன் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "உன் ஆட்டத்த ஆபீஸ்ல தொரைகிட்ட ஆடினேம்மா. மானம் போச்சு."

"குதிரய குடுத்துட்டு அப்பறம் இன்னா பண்ணீங்க?"

"ராஜாவ பத்திரமா ஒதுக்கினேன்."

"அங்கதாண்ணே போச்சு. குடுத்தப்பறம் நிக்கக் கூடாது."

பலகையைத் திருப்பி வெள்ளைக் காய்களை அவர் பக்கம் வைத்தேன். அன்று ஐந்து ஆட்டம் ஆடினோம். வண்டிக்காரர் இரண்டு தரம் வந்து கூப்பிட்டுவிட்டுப் போனார்.