கம்பி வைத்த முதுகும் கம்பி வைத்த கரண்டியும்

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். எழுத உட்கார்ந்ததே அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். பிரியாணி வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

செங்கல்பட்டுப் பக்கம் கல்யாணங்களுக்குப் பிரியாணி போடுவது என் தொழில். எங்கள் அடுப்பு தரையில் இருக்கும். குனிந்துதான் கிளற வேண்டும், குனிந்துதான் தேக்சா என்கிற பெரிய பாத்திரத்தைத் தூக்க வேண்டும். இடுப்பு வலியை யாரிடமும் சொல்லாமல், துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பல வருஷம் ஓட்டினேன். மதுராந்தகத்தில் ஒரு மண்டபத்தில் அரிசி வடிக்கும்போது இடது கால் மரத்துச் சரிந்துவிட்டேன். கொதிக்கிற கஞ்சி மேலே கொட்டாமல் இழுத்துப் போட்டவன், கூட வேலை செய்யும் ஏழுமலை.

ஸ்கேன் பார்த்த டாக்டர், டிஸ்க் விலகி நரம்பை அழுத்துகிறது, முதுகெலும்பில் ஸ்க்ரூ போட்டுக் கம்பி வைக்க வேண்டும் என்றார். மறுபடி அடுப்புப் பக்கம் போகலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“நிக்கலாம். குனியக்கூடாது, வெயிட் தூக்கக்கூடாது.”

எங்கள் வழக்கப்படி, தம் போட்ட தேக்சாவின் மூடியை மாஸ்டர்தான் குனிந்து திறக்க வேண்டும். குனிய முடியாதவன் என்ன மாஸ்டர்? ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. என் மனைவி நூர்ஜஹான் தினமும் பெல்ட் மாட்டிவிட்டு, தெருக்கோடி வரை கூடவே நடந்தாள். கால் மரப்பு மெல்ல விலகியது. ஆனாலும் வேறு மாஸ்டரைப் பார்த்துக்கொள் என்று ஏழுமலையிடம் சொல்லிவிட்டேன்.

டாக்டர் சம்மதித்த பிறகு, மாமல்லபுரத்தில் ஒரு கல்யாணம். நாற்காலியில் உட்கார்ந்து பக்குவம் சொன்னால் போதும் என்று ஏழுமலை கூட்டிப்போனான். தம் திறக்கும் நேரம் பெண்ணின் அப்பா வந்து நின்றார். பழக்கதோஷத்தில் எழுந்து குனியப் போனேன். ஏழுமலை பின்னாலிருந்து பெல்ட்டைப் பிடித்துக்கொண்டான்.

“எங்க பாய் குனியற? இத்த புடி.”

படாளத்தில் கேட் செய்யும் பட்டறையில் கொடுத்து, கரண்டிக்கு ஆள் உயரக் கம்பி வெல்டிங் வைத்திருந்தான். மூடியைத் தூக்க நீளக் கொக்கியும் இருந்தது.

“இன்னாடா இது?”

“உன் முதுகுக்கு டாக்டரு வெச்சாரு. கரண்டிக்கு நான் வெச்சேன்.”

பெண்ணின் அப்பா சிரித்துவிட்டார். “இன்னா பாய், மீன் புடிக்கப் போற மாரி கீது.”

பிஸ்மில்லா சொல்லி, நின்றபடியே கொக்கியால் மூடியைத் தூக்கினேன். ஆவி முகத்தில் அடித்தது. ஓரமாகக் கரண்டியை இறக்கிப் புரட்டினேன். அரிசி உடையவில்லை. முதல் தட்டை ஏழுமலை கையில் கொடுத்தேன்.

தம்பிகளே, வலி வந்தால் கூட வேலை செய்பவர்களிடம் சொல்லிவிடுங்கள். நான் கற்றது அவ்வளவுதான்.

மறுநாள் செக்கப்புக்குப் போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். ஸ்க்ரூவெல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தன.