ஏழும் பதினொன்றும் எண்ணிய பாட்டு

என் அப்பா இலங்கையில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் சாவுக்குத் தப்பு மேளம் அடிப்பவர். காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுவார். யாராவது செத்துப்போனால் தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புவார். ‘தப்படிக்கிறவர் மகன்’ என்ற பெயரைக் கழற்றிப் போடத்தான் நான் கிட்டாரைப் பிடித்தேன். வேறு உயர்ந்த காரணம் எதுவும் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. கஹவத்தை டவுனில் ரேடியோ திருத்தும் கடைக்காரரின் மகன் டிரம்ஸ் வாசிப்பான். சிங்களவன், என் கூட்டாளி. நாங்கள் இருவர்தான் பேண்ட். அவன் கடையில் கிடந்த ஒரு வெளிநாட்டு ரொக் கேசட்டில் ஒரு பாட்டே அரைப் பக்கம் ஓடியது. தாளத்தின் எண்ணிக்கை நிமிடத்துக்கு நிமிடம் மாறியது. எனக்குத் தலை கிறுகிறுத்தது. புரியாதது எல்லாம் பெரியது என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

அவனோ கிட்டாரில் மூன்று கோட், மூன்றே சுரக்கட்டு, போதும் என்பான். எல்லாரும் கூடவே பாட முடியாவிட்டால் அது என்ன பாட்டு என்று கேட்பான். அரை மணி நேரத்தில் ஒன்றைக் கட்டியும் விட்டான். நான் சிரித்தேன். என் பாட்டுக்கு நாலு மாதம் ஆனது. ஏழு அடி, பதினொன்று, மறுபடி ஏழு என்று கட்டம் போட்ட கொப்பியில் எண்ணி எண்ணி எழுதினேன். குச்சி எங்கே விழ வேண்டும் என்று மேசையில் தட்டிக் காட்டினேன். அவன் மறுபேச்சில்லாமல் அப்படியே அடித்தான்.

கோயில் திருவிழாவின் கடைசி நாள், பொழுது சாய்கிற நேரம், காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் எங்களுக்கு இரண்டு பாட்டுக்கு இடம் கொடுத்தார்கள். முதலில் என் பாட்டுத்தான் என்று அடம்பிடித்தேன்.

இரண்டு நிமிடம் போயிருக்காது. பெண்கள் பக்கம் சலசலப்பு. யார் போய்ச் சேர்ந்தது என்று ஒரு வயதான அம்மா பக்கத்தில் விசாரித்தார். போன மாதம் புருஷனைப் புதைத்த ஒரு பெண் நெஞ்சில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்க ஆரம்பித்தாள். என் கை நின்றுவிட்டது.

என்ன நடந்தது என்று தெரியாத கூட்டாளி தன் மூன்று கோட் பாட்டைத் தொடங்கினான். அழுதவளை லயத்து வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் அதே களத்தில் எல்லாரும் கைதட்டி ஆடினார்கள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நானும் வாசித்தேன்.

கோயில் கமிட்டித் தலைவர் என்னைக் கூப்பிடவில்லை, அப்பாவைக் கூப்பிட்டார். “சாமி முன்னால எழவு மேளமா? ரத்தம் சும்மா இருக்குமா,” என்றார். அப்பா துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யார்மேல் கோபம் என்றுகூடப் புரியவில்லை.

எதுதான் புரிந்தது? அந்த ஏழு எனக்கு எங்கிருந்து வந்தது? நாலு மாதம் உட்கார்ந்து உண்டாக்கினேனா, காதில் ஒட்டிக் கிடந்ததைத்தான் சுற்றி வளைத்தேனா? எளியது அவனுடையதா, என்னுடையதா? ஆட வைத்தவன் பெரியவனா, அழ வைத்தவனா? இன்றைக்கும் எனக்கு நிச்சயமாகத் தெரியாது.

திரும்பி நடக்கும்போது, அது அவர் அடிக்கிற அடிதானா என்று அப்பாவிடம் கேட்டேன்.

“அதேதான் தம்பி. எங்கெங்கயோ சுத்திட்டு வருது, ஆனா அதேதான்.”

துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்.

“அந்தப் புள்ள புருஷன் சாவன்னைக்கு ஒரே மழை. தோலு நனைஞ்சு தப்புல சத்தமே வரல. அது ஒரு சொட்டு அழுகல. இன்னைக்குத்தான் அழ ஆரம்பிச்சிச்சு. நீ பாதியில நிறுத்திட்ட.”