முன்னால் நடந்து நட்டவள்

டிவியில் நடவுப் பாட்டு கேட்டதும் அடுக்களையிலிருந்து ஓடி வந்தேன். ஏதோ ஒரு தொடர். கதாநாயகி நாற்று நட்டுக்கொண்டிருந்தாள், முன்னால் நடந்தபடி.

இப்படி ஒரு காட்சியை முதலில் பார்த்தபோது எனக்குப் பத்து வயது. நன்னிலம் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து டிவிக்கு முன்னால், நடவு முடித்து வந்த அம்மா சேற்று வாடையோடு உட்கார்ந்திருப்பாள். படத்தில் மாமியார் சோற்றில் விஷம் வைப்பாள், நாங்கள் பதறுவோம். அம்மாவோ, "அரிசியக் களையாமயே ஒலையில போடுறா பாரு, இவல்லாம் ஒரு பொம்பளயா?" என்பாள். இன்னொரு படத்தில் கதாநாயகி இப்படித்தான் முன்னால் நடந்து நட்டாள். "அடியே, பின்னால வாடி! நட்டதையெல்லாம் மிதிக்கிறியே!" என்று அம்மா கத்தியதில் கூட்டமே சிரித்தது. அன்றிலிருந்து எந்தப் படத்தையும் என்னால் குறை சொல்லாமல் பார்க்க முடிந்ததில்லை.

மறதி நோய் முற்றிய பிறகு அம்மாவுக்கு என் பெயர்கூட நினைவில்லை. அதைப் பொறுத்துக்கொண்டுவிட்டேன். இன்று டிவி முன்னால் இருந்த அவள் அருகில் உட்கார்ந்து அந்தத் திட்டுக்காகக் காத்திருந்தேன். அம்மா சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அவ முன்னால நடந்து நடுறாம்மா."

யாரோ எவரோ என்பது போல என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்படித்தானேங்க நடுவாங்க?"