இரத்தம் வடிக்காத மீன்

என்னுடைய மீனை அத்தான் களவெடுத்தார். வேறு சொல் போட்டு இதை மெழுகி எழுத எனக்கு விருப்பமில்லை.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். ஊரை விட்டு வந்து இரண்டு குடும்பமும் இங்கே நோபல் பார்க் என்ற புறநகரில்தான் இருக்கிறோம். பள்ளி விடுமுறை வந்தால் எல்லோருமாகக் கடலுக்குப் போவோம். உல்லாசப் படகுகள் கட்டி நிற்கும் துறையில், குடும்பங்கள் மீன் பிடிக்கவென்று இடுப்பளவு கம்பி அடித்த ஒரு பலகை மேடை இருக்கிறது. குளிர் தொடங்கும் காலத்தில் சமன், அதாவது சால்மன் என்கிற மீன் கூட்டமாக அதன் அடிவரைக்கும் வரும். ஊரில் தகர ரின்னில் அடைத்து வாங்கித் தின்ற சமன் இதில்லை, பெயர் மட்டும்தான் ஒன்று. அதை அத்தானுக்குச் சொல்ல யாருக்கும் துணிவில்லை.

போன வருடம் என் தூண்டிலில்தான் அது பிடித்தது. தடி வளைந்து, ரீல் கிறீச்சிட்டு, கை இரண்டும் கழன்றுவிடும் போல இருந்தது. விடாமல் நின்றேன். மீன் களைத்து மேலே வந்து வெள்ளையாகத் தெரிந்த நேரம் பார்த்து அத்தான் ஓடி வந்தார். "விடு பிள்ளை, விடு! உனக்கேலாது, அறுத்துப்போடுவாய்!" தடியைப் பிடுங்கினார். ரீலை இரண்டு சுற்றுச் சுற்றி மீனைத் தூக்கினார். "ஆராவது படம் எடுங்கோ!"

பின்னேரமே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் வந்துவிட்டது. "நான் பிடிச்ச சமன்" என்று கீழே எழுதியிருந்தார். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஒரே கைதட்டல். படத்தின் ஓரத்தில் என் முழங்கை தெரிந்தது.

"மீன்தானே, விடும்" என்றார் என் கணவர். மீன்தானாம்! இருங்கோ அத்தான், உங்களுக்கு வைக்கிறன் ஆப்பு என்று அன்றைக்கே மனதுக்குள் முடிவு கட்டினேன்.

வேலை இல்லாத செவ்வாய்க்கிழமைகளில் யாருக்கும் சொல்லாமல் தனியே அந்த மேடைக்குப் போகத் தொடங்கினேன். அங்கே வழக்கமாக வருகிறவர்கள் சமனைத் தூக்கிய கையோடு செவுளை வெட்டி, இரத்தம் போகுமட்டும் கடல்தண்ணீர் வாளியில் தலைகீழாகப் பிடித்து, பிறகு ஐஸுக்குள் புதைப்பதைக் கண்டேன். நாங்கள் சந்தையில் செத்த மீன் வாங்கிப் பழகிய சனம். மீனுக்கு இரத்தம் வடிப்பது எங்களுக்கு எங்கே தெரியும்? ஒரு நாள் ஒன்றை வடித்தும் ஒன்றை வடிக்காமலும் கொண்டு வந்து சமைத்துப் பார்த்தேன். வடித்தது அருமை. மற்றது களியாகக் கரைந்து, துருப்பிடித்த இரும்பு மாதிரி மணத்தது. அத்தான் ஒரு நாளும் இரத்தம் வடிக்கிறவர் இல்லை. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோசம் இருக்கிறதே, சொல்லி முடியாது.

இந்த வருட விடுமுறைக்கு அத்தானின் தமக்கை சிட்னியிலிருந்து வந்திருந்தார், அங்கே தமிழர் நிறைந்த ஹோம்புஷ் பகுதிக்காரி. அக்காவின் சமையலில் ஒரு நாளும் நல்ல சொல் சொல்லாத மனுசி. அவர் பார்க்க அத்தான் அன்று காலையில் மூன்று சமன் பிடித்தார். மூன்றையும் வெறும் வாளியில் போட்டு, போகிறவர் வருகிறவர் பார்க்கட்டும் என்று வெயிலில் வைத்தார். "இரத்தம் கிடந்தாத்தான் மீனுக்கு ருசி" என்று தமக்கைக்கு விளக்கம் வேறு. என் கத்தி பைக்குள் இருந்தது. ஐஸ் பெட்டி என் காலடியில் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை. கிடந்து நாறட்டும் என்று நின்றேன்.

"மத்தியானத்துக்குச் சமன் குழம்பு!" என்று அத்தான் அறிவித்தார்.

குசினியில் அக்கா பரபரத்தாள். "இந்த முறை எண்டாலும் மச்சாளின்ரை வாயிலை நல்ல சொல் வரோணுமடி" என்றாள். நான் பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்தேன். குழம்பு கொதிக்கத் தொடங்கியதும் மூக்கைச் சுளித்தாள்.

"மணம் ஒரு மாதிரிக் கிடக்கே?"

"புளியைக் கொஞ்சம் கூட்டிவிடு அக்கா" என்றேன். சத்தியமாக, அந்த நேரம் என் கண்ணில் அத்தானின் முகம் மட்டும்தான் நின்றது.

மேசையில் முதல் வாய் வைத்ததும் தமக்கை சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளினார். "என்ன இது? மீன் கழுவினதோ இல்லையோ?" நான் அத்தானைப் பார்த்தேன். மனுசன் வெட்கப்படவில்லை. அக்கா பக்கம் திரும்பினார்.

"தங்கம் மாதிரி மீன் கொண்டந்து தந்தன். நாறடிச்சு வைச்சிருக்கிறாய்! இவ்வளவு காலம் குசினியிலை என்னத்தைப் படிச்சனி?"

அக்கா கையில் கரண்டியோடு நின்றாள். தமக்கை, "நான் எப்பவோ சொன்னனான்" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சமையலிலை பிழை இல்லை!" என்று எழும்பினேன். "பிடிச்ச உடனை செவுளை வெட்டி இரத்தம் வடிய விடோணும், ஐஸிலை போடோணும். அத்தான் வெயிலிலை காயவிட்டவர். பிழை அவரிலை! போன வருசம் படம் போட்டாரே, அதுவும் அவர் பிடிச்ச மீனில்லை, நான் பிடிச்சது!"

அத்தானின் முகம் செத்துப்போனது. ஒரு வருடமாக நான் காத்திருந்த முகம் அதுதான். ஆசை தீரப் பார்த்தேன்.

"உனக்கு உது எப்பிடித் தெரியும்?" என்று கேட்டது அத்தான் இல்லை, அக்கா.

"போய்ப் பழகினனான்."

"அப்ப, காலமை அவர் வாளியிலை போடேக்கையே உனக்குத் தெரியும்."

"ஓம்."

"நான் மணக்குது எண்டு கேட்டனான். புளி விடச் சொன்னனி."

அவள் சட்டியைத் தூக்கினாள். சூடாக இருந்தது, மறுபக்கம் பிடிக்கப் போனேன்.

"நீ இரு" என்றாள். அவள் தனியே அதைக் குசினிக்குக் கொண்டு போனாள்.