எம்.பி. வருகிறார் என்று பூசிய சுவர்

யாராவது செத்துப்போனால் எம்.பி. அன்றைக்கே வந்துவிடுவார். மரண வீட்டுக்கு அவரை வரவழைப்பதில் ஒரு பாடும் கிடையாது. உயிரோடு இருக்கிறவர்களைப் பார்க்க அவரை ஒரு மலை ஏறவைப்பதுதான் பெரும்பாடு. தெஹியோவிட்ட டவுனில், பார்மசிக்கு மேல்மாடியில் இருக்கிற எம்.பி.யின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஏஞ்சலினுக்கு இது விளங்கிவிட்டது.

வேலை என்னவோ நாற்காலி வேலைதான். போன் எடுப்பது, கடிதம் அடிப்பது, பாராளுமன்றம் கூடுகிற வாரத்தில் கொழும்பிலிருந்து கேட்கிற விவரங்களைத் தேடி அனுப்புவது. ஆனால் அவள் நாற்காலியில் ஒழுங்காக உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. போனைக் காதில் வைத்துக்கொண்டே ஜன்னலுக்குப் போவாள், வானத்தைப் பார்ப்பாள், திரும்பி வருவாள். வானம் கறுத்தால் வாயில் போட்ட சோறு இறங்காது.

காரணம் வீடு. அவள் அப்பா அருளப்பனும் அம்மா செலினாவும் இருக்கிற ரப்பர் தோட்டத்துக் கீழ் லயம், தொழிலாளர்களின் வரிசை வீடு, ஒரு சரிவுக்கு அடியில் இருக்கிறது. போன வருசத்துப் பெருமழையில் அந்தச் சரிவில் நிலம் வெடித்தது. வெடிப்பு மலையிலிருந்து இறங்கி, லயத்து மூலைச் சுவரைப் பிளந்து, வாசல் பாதையையும் தாண்டிப் போயிருந்தது. ஆய்வுக்காரர்கள் வந்து பார்த்து, இங்கே இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கே போய் இருப்பது என்று அவர்கள் சொல்லவில்லை. நிலம் கம்பனியுடையது. கொழும்பிலிருந்து உத்தரவு வேண்டும் என்றார் தோட்டத்தை நடத்துகிற துரை. மாவட்டக் கூட்டத்தில் எம்.பி. எழும்பிப் பேசினால்தான் கம்பனி நிலத்தை விடும் என்றார்கள் பிரதேச செயலகத்தில்.

எம்.பி. பேச வேண்டுமானால் அவர் பார்க்க வேண்டும். பார்க்காததைப் பேசமாட்டார் மனுசன். அது ஒன்று நல்ல குணம்.

லயத்து ஆட்கள் சும்மா இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. மக்கள் சந்திப்பு நாளில் வெள்ளை வேட்டியோடு வந்தார்கள். மாடி ஏறும்போது மலை விழப்போகுது என்று ஏஞ்சலினிடம் கதை கதையாகச் சொன்னார்கள். எம்.பி.யின் மேசைக்கு முன்னால் போனதும் கையைக் கட்டிக்கொண்டு, சும்மா ஐயாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தோம் என்றார்கள். அவரும் சிரித்து, டீ கொடுத்து அனுப்பிவிட்டார். ஏஞ்சலினுக்குத் தலையை எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை அவளே எம்.பி.யை மாடிப்படியில் மறித்துச் சிங்களத்தில் சொல்லிவிட்டாள். அவர் நின்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை கித்துல்கலயில் பிக்குமாருக்குக் கொடுக்கிற ஒரு தானத்துக்குப் போகிறேன், போகிற வழியில் வருகிறேன் என்றார். பிரத்தியேகச் செயலாளர் விமலரத்னவுக்கு இது பிடிக்கவில்லை. எம்.பி. சேரின் நாளைக் குறிக்கிறவன் நான், நீ யார் நங்கி என்று, தங்கச்சி முறை வைத்தே அவளைக் கடிந்துகொண்டார். அவள் வாங்கிக்கொண்டாள். மாவட்டக் கூட்டம் அடுத்த வாரம். திட்டு வாங்குவதெல்லாம் அப்புறம் யோசிக்கிற விசயம்.

உடனே அப்பாவுக்குப் போன் போட்டாள். எம்.பி. வருகிறார், எல்லாரையும் நிற்கச் சொல்லுங்க, இடம் நீட்டா இருக்கட்டும் என்றாள். வாரத்தில் அவள் டவுனில் போர்டிங்கில்தான் தங்குவது. சனிக்கிழமையும் அலுவலகத்தில் வேலை இருந்ததால் தோட்டத்துக்குப் போகவில்லை. இரண்டு இரவும் புரண்டு புரண்டு படுத்தாள். எம்.பி. கடைசி நேரத்தில் வராமல் போய்விடுவாரோ என்பதுதான் அவளுக்கிருந்த பயம். வேறு மாதிரி ஒன்று நடக்கும் என்று யோசிக்கவே இல்லை.

ஞாயிறு காலை எம்.பி.யின் ஜீப்பிலேயே பின்சீட்டில் உட்கார்ந்து போனாள். வளைவு திரும்பியதும் தப்பு மேளச் சத்தம் கேட்டது. வாசல் பாதையில் மூங்கில் நட்டு, குருத்தோலை கட்டி, தோரணம் போட்டிருந்தார்கள். அதற்குப் பின்னால் கீழ் லயம் பளிச்சென்று நின்றது. முழு லயத்துக்கும் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். மூலைச் சுவரில் கை நுழைகிற அளவு இருந்த பிளவைக் காணவில்லை. சீமெந்து பூசி, மேலே சுண்ணாம்பும் அடித்து, அதற்கும் மேலே ஒரு கலண்டரைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

ஏஞ்சலின் அந்தக் கலண்டரையே பார்த்துக்கொண்டு ஜீப்பிலிருந்து இறங்கினாள்.

மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், கேக்கும் டீயும் கொடுத்தார்கள். துரை ஓரமாக நின்று, இன்றைக்குத்தான் தன் தோட்டத்தின் அழகைக் கண்டவர் மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தார். எம்.பி. டீயைக் குடித்துவிட்டு, எங்கே அந்த வெடிப்பு என்று கேட்டார். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் என்ற முறையில் அருளப்பன்தான் பதில் சொல்ல வேண்டும். அவர் நல்ல சிங்களத்தில், அது சின்ன வெடிப்பு சேர், நாங்களே பார்த்துக்கொண்டோம் என்று சொன்னார். தமிழில் சொல்லியிருந்தால் மொழிபெயர்க்கிற சாக்கில் ஏஞ்சலின் இரண்டு வார்த்தை சேர்த்திருப்பாள். அதற்கும் வழியில்லை.

விமலரத்ன கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏஞ்சலின் அப்பாவைத் தண்ணீர் விழுகிற பீலிப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏம்ப்பா பூசுனீங்க?"

"பின்ன? வீடு தேடி வர்ற மனுசன்கிட்ட ஓட்டயக் காட்டவா? நீதான நீட்டா இருக்கணும்னு சொன்ன."

"கூட்டிப் பெருக்கத்தான்ப்பா சொன்னேன்."

"எம்பி ஆபிஸ்ல வேல பாக்குற புள்ள வீடு இந்த லெச்சணத்துல கெடக்குன்னு அவங்க ஒன்னயத்தான் பேசுவாங்க. அதுக்குத்தான் நேத்து பூரா நின்னு பூசுனேன்."

லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டுக் கந்தையா முகத்தைக் கழுவிக்கொண்டே, தன் பங்குக்குத் தோரணத்தைக் காட்டிப் பெருமைப்பட்டார்.

"மூங்கில் நட கொத்துறதுக்கே வேல இல்ல தங்கச்சி. வெடிப்புக்குள்ளயே எறக்கிட்டோம். கப்புன்னு புடிச்சிக்கிருச்சு."

அந்தத் தோரணத்துக்குக் கீழேதான் எம்.பி. இப்போது கடைசிப் படத்துக்கு நின்றுகொண்டிருந்தார்.

வெளியிடங்களில் ஊழியர்கள் பைலைத் தூக்கிக்கொண்டு பின்னால் நிற்க வேண்டும், வாய் திறக்கக்கூடாது என்பது விமலரத்னவின் சட்டம். ஏஞ்சலின் பைலைக் கந்தையா கையில் திணித்துவிட்டு நேராகப் போனாள். சேர், நீங்கள் நிற்கிற இடம்தான் அந்த வெடிப்பு என்றாள். விமலரத்ன நங்கி நங்கி என்று பல்லைக் கடித்தார். அவள் அவரைப் பார்க்காமல் ஒரு மூங்கிலைப் பிடித்து ஆட்டினாள். தோரணம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தப்பு நின்றுவிட்டது.

எம்.பி. விவசாயி வீட்டுப் பிள்ளை. மண் தெரிந்தவர். குனிந்து பார்த்தார். பிறகு தானே மூங்கிலைப் பிடித்துக் கீழே அழுத்தினார். அது போனது. மறுபடி அழுத்தினார். இன்னும் போனது. நெஞ்சுக்கு மேலே இருந்த கணு முழங்காலுக்கு வந்தபிறகு கையை எடுத்துவிட்டு, எல்லாரையும் அந்த இடத்தை விட்டு விலகச் சொன்னார். பொன்னாடையைத் தோளிலிருந்து எடுத்து மடித்துக்கொண்டே மூலைச் சுவருக்குப் போய்க் கலண்டரைத் தூக்கிப் பார்த்தார். காயாத பூச்சைக் கந்தையா விரலால் நோண்டியதும் பாளமாக விழுந்தது.

அருளப்பன் வீட்டுக்குள் போனவர்தான், ஜீப் போகும்வரை வெளியே வரவில்லை.

அன்றைக்குப் பின்னேரமே வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை விட்டுவைக்கிற பழைய பிள்ளைக்காம்பராவைத் துரை திறந்துகொடுத்தார். லயத்துக் குடும்பங்கள் எல்லாம் அங்கே போய் இறங்கின. மாவட்டக் கூட்டத்தில் எம்.பி. எழும்பிப் பேசினார். மேட்டுப்பக்கம் கொஞ்ச நிலம் அளந்து கொடுக்கக் கம்பனி சம்மதித்தது. எப்போது அளப்பார்கள் என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

ஏஞ்சலினை விமலரத்ன வேலையை விட்டு அனுப்பவில்லை. இனி வெளி வேலைக்கு வரத் தேவையில்லை என்றார். சேர் இருக்கும் வரைக்கும்தான் நம் எல்லாருக்கும் இந்த நாற்காலி, அவரை ஊர் பார்க்கக் குனியவைக்காதே என்றும் சொன்னார். அவள் சரி என்றாள். அதைவிட, அப்பா பேசாமல் இருந்ததுதான் அவளை அரித்தது. போன் எடுத்தால் அம்மாவிடம் கொடுத்துவிடுவார்.

மலையும் விழவில்லை. அதுதான் இப்போது பெரிய தொல்லை. மழை பெய்தது, விட்டது, மலை அப்படியே நின்றது. பிள்ளைக்காம்பராவில் அடுப்புப் புகை, நுளம்புக்கடி, தண்ணீருக்குச் சண்டை. விழாத மலைக்குப் பயந்து எதற்கு இந்தச் சீரழிவு, சுண்ணாம்பு அடித்த வீடு அங்கே சும்மா கிடக்கிறது என்று முனகல் கிளம்பியது. ரப்பர் பால்வெட்டு முடிந்து வருகிறவர்கள் மத்தியானத் தூக்கத்துக்குப் பழைய காம்பராவுக்கே போக ஆரம்பித்தார்கள். அம்மா இதைச் சொன்னதிலிருந்து ஏஞ்சலின் நில அளவைக்காரர்களுக்கு எந்நேரமும் போன் அடித்தாள். ஆள் இல்லை, வாகனம் இல்லை, அடுத்த கிழமை பார்ப்போம். அவள் எழும்பி ஜன்னலுக்குப் போவாள், வருவாள். பார்மசிக்காரர், கீழே மருந்து எடுக்கவிடாமல் மேலே என்ன நடை நடக்கிறாய் என்று ஆள் விட்டுக் கேட்டார்.

வெள்ளிக்கிழமை வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அவள் அம்மாவின் போனுக்கு அடித்தாள். எடுத்தது அப்பா.

"கந்தையா சாமானக் கட்டிட்டான். லயத்துக்கே போறேங்குறான்."

"போகவிடாதீங்கப்பா."

"பாதையில கதிரயப் போட்டு ஒக்காந்திருக்கேன். என்னயத் தாண்டித்தான் போகணும். எனக்கும் ஏசித்தான் பாத்தான்." பின்னால் யாரோ கத்துவது கேட்டது. "நா எத்தன நாளைக்கு ஒக்காருறது? அந்த அளக்குறவங்கள அனுப்பு."

போன் கட்டாகிவிட்டது. மழை தகரக் கூரையில் விழ ஆரம்பித்தது. ஏஞ்சலின் நின்றபடியே நில அளவை அலுவலகத்துக்கு மறுபடியும் அடித்தாள். இருங்கள் என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் யாரோ ரிசீவரை மேசைமேல் வைத்தார்கள். அவள் வைக்கவில்லை. வயர் எட்டுகிற மட்டும் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.