மேனேஜர் நின்ற மூலை

ஆடி ஓய்ந்தவர்களை டீம் நிர்வாகத்தில் வைக்கலாமா என்று யாராவது பேச ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். ஒன்பதாவதோடு நின்றவன்; வாதம் செய்ய வராது. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு மேனேஜர்.

சேதராப்பட்டில் ஒரு ஃபேக்டரிக்கு பாஸ்கட்பால் டீம் இருந்தது. அதன் மேனேஜர் ஒரு காலத்தில் நல்ல ஷூட்டர். சாரம் மைதானத்தில் அவரோடு நாலு வருஷம் ஆடியிருக்கிறேன். பிறகு ஓசூர், திருப்பூர் என்று சுற்றிவிட்டு வெறுங்கையோடு திரும்பியபோது அந்த டீமில் ஓர் இடம் காலி. இடம் கிடைத்தால் நிரந்தர வேலை. கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினோம்: நானும், மீனவக் குப்பத்திலிருந்து சைக்கிளில் வரும் ஒருவனும்.

மேனேஜர் நேர்மையானவர். யாரிடமும் ஒரு டீ வாங்கிக் குடித்ததில்லை. ஆனால் ஆள் எடுக்கும்போது வெளியே உட்கார்ந்து பார்க்கமாட்டார். ஷூவை மாட்டிக்கொண்டு, தான் ஆடிய காலத்து வலது மூலையில் போய் நிற்பார். பந்து அவருக்கு நெஞ்சு உயரத்தில் வரவேண்டும். எனக்கு அது பழக்கம், அப்படியே கொடுத்தேன். குப்பத்துக்காரனைத் தடுக்கச் சொன்னார். அவர் போட்ட மூன்று ஷாட்டையும் தட்டிவிட்டான்.

"கெழவன்னு காட்றியாடா?"

"நீங்கதானண்ணா தடுக்கச் சொன்னீங்க."

அவர் சிரித்தார். டீமுக்கு அப்போது தேவைப்பட்டது தடுக்கிற ஆள்தான். அந்த மூலையிலிருந்து பார்த்தால் பந்து கொடுக்கிறவன் மட்டும்தான் தெரிவான். இனிமேல் தான் ஆடப்போவதில்லை என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

தண்ணீர் குடிக்கும்போது என்னைத் தனியாகக் கேட்டார். "உண்மையச் சொல்லு. அவன் எப்படி?"

"கை முரடுண்ணா. மேட்ச்ல ஃபவுல் வாங்கிடுவான்."

அவன் கை பந்தைத் தவிர எதையும் தொட்டிருக்கவில்லை.

வேலை எனக்குக் கிடைத்தது. எட்டு மாதத்தில் விட்டுவிட்டேன். தினமும் ஒரே கேட்டில் நுழைய என்னால் முடியவில்லை. அதற்குள் தோற்றுத் தோற்று டீமும் கலைந்திருந்தது.

ஊரை விட்டுக் கிளம்பிய அன்று மூலக்குளம் பஸ் ஸ்டாப்பில் அந்தக் குப்பத்துக்காரன் நின்றிருந்தான். பக்கத்தில் மீன் பெட்டி ஏற்றிய சைக்கிள்.

"மேனேஜரப் பார்த்தேன். என்னத்தான் எடுத்திருக்கணும்னாரு. அன்னைக்கு உன்னையும் கேட்டாராமே?"

"ஆமா."

"நீ என்னா சொன்ன?"

குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். விழுப்புரம் பஸ் வந்தது, ஏறிவிட்டேன். ஜன்னலில் பார்த்தபோது, பதில் இன்னும் வரும் என்பதுபோல் அங்கேயே நின்றான்.

எந்த ஊரில் போய்ப் படுத்தாலும், கண்ணை மூடினால் அப்படியேதான் நிற்கிறான்.