நான் திருத்திய ‘தே’

மூன்று வருடத்துக்கு முன்னால், தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் நடந்தது இது. வெளிநாட்டுக்குப் போகும் மெயில்கள் எல்லாம் என் கண்ணில் பட்ட பிறகுதான் போகும். பக்கத்து ஊரான நாசரேத்தில், மிஷன் பள்ளியில் படித்தவள் நான். இங்கிலீஷ் இலக்கணத்தில் என்னை அசைக்க ஆள் இல்லை என்ற கர்வம் நிறையவே உண்டு.

விளாத்திகுளத்திலிருந்து ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருந்தாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஊர் திரும்பும் ஒரு கப்பல் அதிகாரிக்கு விமான நிலையம் போகக் கார் சொல்லியிருப்பதாக, அவருடைய கம்பெனிக்கு மெயில் அடித்திருந்தாள். அதில் அந்த அதிகாரியை, பலரைச் சொல்லும் ‘தே’ (they) என்ற வார்த்தையால் குறிப்பிட்டிருந்தாள். எல்லார் காதிலும் விழும்படி கேட்டேன்.

“ஏளா, ஒத்த ஆளுக்கு எப்படி ‘தே’ வரும்? ‘ஹி’ இல்லன்னா ‘ஷி’. இதுகூடத் தெரியாதா?”

“இல்லக்கா, ‘ஹி’யும் வேண்டாம், ‘ஷி’யும் வேண்டாம், ‘தே’ன்னு சொல்லுங்கன்னு அவங்க அனுப்புன மெயிலுக்குக் கீழ அவங்களே போட்டிருக்காங்க. தன்னை ஆணுன்னோ பொண்ணுன்னோ சொல்லிக்காதவங்க அப்படிப் போடுவாங்களாம். நாமளும் ஒரு ஆள ‘அவங்க’ன்னுதானக்கா சொல்லுதோம்?”

பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “எனக்கே பாடம் எடுக்கியா?” என்று சொல்லி, ‘தே’ இருந்த இடத்திலெல்லாம் ‘ஹி’ போட்டு, அவள் பெயரிலேயே அனுப்ப வைத்தேன். அந்த அதிகாரி அனுப்பிய மெயிலின் அடியில் என்ன இருக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு நாளில் கம்பெனியிடமிருந்து பதில் வந்தது. தன்னை எப்படிச் சொல்ல வேண்டும் என்று ஒருவர் எழுதிக் கொடுத்த பிறகும் இப்படி அவமதிக்கலாமா என்று காட்டமாகக் கேட்டிருந்தார்கள். நாங்கள் அனுப்பிய மெயிலை அச்செடுத்துக்கொண்டு முதலாளி வந்து நின்றார்.

“யாரு எழுதுனது இது?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடியில் அவள் பெயர்தானே இருந்தது! அவளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த மாதத்தோடு அவளை நிறுத்திவிட்டார்கள். மன்னிப்புக் கடிதம் எழுதும் வேலை என்னிடம்தான் வந்தது. வரிக்கு வரி ‘தே’ போட்டு எழுதினேன். “அனுபவம்னா இதுதான்” என்று முதலாளி பாராட்டினார்.

போன வருடம் பழைய பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். ஏதோ ஜவுளிக்கடைச் சீருடைச் சேலையில் நின்றாள். கிட்டே போய், “தப்பு என் பேருலதான்ளா” என்று ஆரம்பித்தேன்.

“அத அன்னைக்கு சார் கேட்டப்ப சொல்லியிருக்கணும்க்கா.”

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.

யாராவது என் இங்கிலீஷைப் புகழும்போதெல்லாம், நான் வாய் திறக்காததால் ஒருத்தி வேலை இழந்தாள் என்பது நினைவுக்கு வந்து இன்றும் கசக்கிறது.